செங்கேணியை ஏற்றிப் போன வழி

வலி கண்டவளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்காரனுக்கு மெதுவாகப் போனாலும் திட்டு, வேகமாகப் போனாலும் திட்டு. உங்களில் யாராவது அப்படிப் போயிருந்தால் நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பாகூர்ப் பக்கத்தில் எனக்கு ஒரு கூண்டு வண்டி இருந்தது. பிரசவம் சிக்கலானால் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பாகூரும் பிரெஞ்சுக்காரருடையது, புதுச்சேரியும் அவர்களுடையது. நடுவில் கிடந்த நிலம் மட்டும் இங்கிலீஷ்காரருடையது. அந்த வழியில் எத்தனையோ பேரைக் கொண்டுபோயிருக்கிறேன். செங்கேணியைக் கொண்டுபோனதுதான் இன்னும் என்னை விடவில்லை.

பூட்டு

செங்கேணி, கரும்பு வெட்டும் முனுசாமியின் மனைவி. தலைப்பிரசவம். விடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். மருத்துவச்சி வெளியே வந்து, "தல வரல, கை வந்துட்டுது. தூக்குங்க ஆஸ்பத்திரிக்கு" என்றாள். நான் வண்டியில் மாட்டைப் பூட்டினேன். என் மனைவி அப்போது உயிரோடு இருந்தாள். தன் பழைய புடவையை மடித்து வண்டி வைக்கோலின் மேல் போட்டாள்.

பிரசவம் தடைப்பட்டால் வீட்டிலுள்ள பூட்டு, முடிச்சு எல்லாவற்றையும் திறந்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். முனுசாமி பெட்டியைத் திறந்தான், நெல் மூட்டையை அவிழ்த்தான். செங்கேணியைப் படுக்க வைத்து, மருத்துவச்சியும் ஏறியதும் நான் மாட்டைத் தட்டினேன். மாடுகள் நடந்தன. வண்டி நடக்கவில்லை, அப்படியே முன்பக்கம் சாய்ந்தது. உள்ளே அவள் அலறினாள். பாய்ந்து நுகத்தடியைத் தோளில் தாங்கினேன். மாட்டை நுகத்தோடு பிணைக்கிற பூட்டாங்கயிற்றையும் முனுசாமி அவிழ்த்திருந்தான். "இன்னாடா பண்ண, பாவி?" என்று கத்தினேன். அவன் அழுதுகொண்டே சொன்னான்: "அதுவும் பூட்டுதானேண்ணே!"

சாவடி

பிரெஞ்சு ஊர்ச் சரக்கை வயிற்றில் கட்டிக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி எல்லை தாண்டுகிற பெண்கள் அப்போது உண்டு. அதனால் இங்கிலீஷ்காரர் சுங்கச் சாவடியில் இருந்த காவலாள் எந்த வயிற்றையும் நம்பமாட்டான். "எறங்கச் சொல்லுய்யா. போன வாரம் ஒருத்தி இப்படித்தான் மொனகுனா, அவுத்துப் பாத்தா அத்தினியும் பட்டு" என்றான்.

முனுசாமி அவன் காலைப் பிடித்தான். உள்ளே இருந்த மருத்துவச்சிக்குப் பொறுக்கவில்லை. "வாய்யா, நீயே வந்து பாரு" என்று துணியை விலக்கினாள். அவன் தலையை உள்ளே நீட்டினான். நானும் பார்த்துவிட்டேன். நீலம் பாரித்த சின்னக் கை. ஒரு விரல் மடங்கி நிமிர்ந்தது.

அவன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். பிறகு தானே ஓடிப்போய்த் தடுப்பு மரத்தைத் தூக்கினான். "ஓட்டுய்யா, நிக்காத. அது கூப்புடுதுய்யா!"

திரும்பின வழி

டாக்டர் செங்கேணியைப் பிழைக்க வைத்தார். பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை.

பத்தாம் நாள் என் வண்டியிலேயே ஊருக்குப் புறப்பட்டாள். புதுச்சேரிப் பக்கத்துச் சாவடியில் வேறொரு காவலாள். அவனுக்கு எங்கள் கதை தெரியாது. எல்லாரிடமும் கேட்பதைத்தான் கேட்டான்: "இன்னா கொண்டார?"

முனுசாமி இறங்கிப் போய்ப் பூட்டாங்கயிற்றைச் சரிபார்த்தான். காவலாள் திரும்பவும் கேட்டபோது, கூண்டுக்குள்ளிருந்து செங்கேணிதான் பதில் சொன்னாள்: "ஒண்ணும் கொண்டாரலீங்கய்யா."

வண்டி ஓட்டும் தொழிலில் உள்ள ஒரே வசதி, முகத்தை மாட்டுப் பக்கமே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான்.