‘மாட்டேன்’ சொன்ன ஆடு

ஆபீசில் அவருக்கு ‘ரேடியோ’ என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் பகல் நேர அவசர அழைப்புகளை எடுக்கும் வேலை. எந்தக் கட்டிடத்து லிஃப்ட் பாதி வழியில் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் மணிப் பொத்தானை அழுத்தினால் இவர் மேசையில்தான் அலறும். மெக்கானிக் போய்க் கதவைத் திறக்கிறவரை, உள்ளே இருப்பவர் பயந்து மயங்கி விழாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஒருமுறை பொண்ணு பார்க்கப் போன மாப்பிள்ளை ஒருவர் மாட்டிக்கொண்டார். வெளியே வரும்போது, மெக்கானிக் ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தார் என்று குறைப்பட்டுக்கொண்டாராம்.

அது ஒரு காலம். மனைவி போன பிறகு ரேடியோ அணைந்துவிட்டது. மணி அடித்தால் பேசும், வைத்தால் நின்றுவிடும். சாவு வீட்டில்கூட அவர் அழவில்லை. சரியான நெஞ்சழுத்தக்காரன் என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். நெஞ்சில் அழுத்தமும் இல்லை, வேறு ஒன்றும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது அவருக்கு. விரல் வைத்தால் விரல் தெரியும், ஈறு தன்னுடையதுதானா என்று தெரியாது. மருந்து இறங்கினால் வலிக்கும் என்று காத்திருந்தார். வருஷம் திரும்பியும் இறங்கவில்லை.

அழைப்பு வராத நேரம்தான் பெரிய தொல்லை. சும்மா உட்கார்ந்து ஈ ஓட்டலாம் என்றால், குளிரூட்டிய அறையில் ஈயும் கிடையாது. அப்படித்தான் அந்த இணையதளங்களில் போய் விழுந்தார். வேலைவெட்டி இல்லாதவர்கள், வேலைவெட்டி இல்லாதவர்களுக்காகவே உட்கார்ந்து செய்தவை. ஒன்றில் உருளைக்கிழங்கு ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் விஷயம். ஒன்றில் ‘அழுத்தாதீர்கள்’ என்று எழுதிய சிவப்புப் பொத்தான். அழுத்தினால் கெஞ்சும், விடாமல் அழுத்தினால் குடும்பக் கஷ்டத்தை எல்லாம் சொல்லி மூக்கைச் சிந்தும். இன்னொன்றில் ஊர் பேர் தெரியாத யார் வீட்டு ஜன்னலோ, அதற்கு வெளியே மழை. அவர் சிரித்தார் என்று சொல்ல முடியாது. பார்த்தார், பொழுது போனது. அவருக்கு அது போதும்.

வீட்டில் அவரும் மகளும் மட்டும். கல்லூரியில் முதல் வருஷம், சாயங்காலம் ஏதோ கம்ப்யூட்டர் வகுப்பு. எந்த இடத்தில் வகுப்பு என்று அவர் கேட்டதில்லை. “சாப்பிட்டியா?” என்பார். “ம்” என்பாள். “பீஸ் கட்டியாச்சா?” என்பார். “ம்.” பகல் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் வாய் ஓயாமல் பேசிய மனிதருக்கு, செருப்பைக் கழற்றும்போதே நாக்கும் கழன்றுவிடும். மகள் முதலில் எதையாவது சொல்லிப் பார்த்தாள். கல்லூரிக் கதை, தோழி கதை. இவர் தலையாட்டியபடியே கைபேசியில் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் அவளும் ‘ம்’முக்கு வந்து சேர்ந்தாள்.

ஒரு திங்கட்கிழமை மனைவியின் தங்கை போன் செய்தாள். “நான் சொல்றேன்னு கோச்சுக்காதீங்க மாமா. அந்த வீட்ல மனுஷங்க இருக்கற சத்தமே இல்ல. புள்ள கருகிப் போயிடும். நான் கூட்டிட்டுப் போறேன், எங்க ஊர்லயே காலேஜ் மாத்திக்கலாம். நீங்க என்ன சொல்றீங்க?”

“அவ இஷ்டம்” என்றார்.

மகள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ‘போகாதே’ என்று ஒரு வார்த்தை சொல்வாரா என்று அவர் வாயையே பார்த்தாள். அவர் போனைச் சார்ஜில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்து அழைத்துப் போவதாக முடிவாயிற்று. அவள் போய்விட்டால் வீடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தார். யோசிக்க முடிந்தது, ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் அவருக்கே பயமாக இருந்தது.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம்தான் கடைத்தெரு முனை வணிக வளாகத்திலிருந்து மணி அடித்தது. கீழே துணிக்கடை, நடுவில் பல் டாக்டர், மேலே என்னென்னவோ. லிஃப்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் எந்தக் குரலையும் தகர டப்பாவுக்குள் போட்டு உருட்டித்தான் தரும். “சார், லிஃப்ட் நின்னுடுச்சு” என்றது ஒரு பெண்குரல்.

“பயப்படாதீங்கம்மா. நான் லைன்லதான் இருக்கேன். கதவு திறக்கற வரைக்கும் எங்கயும் போக மாட்டேன்.” அது அவருடைய மாறாத முதல் வசனம். “கால் வலிச்சா கீழ உக்காந்துக்கங்க. ஒரு உருளைக்கிழங்கு கதை சொல்லட்டுமா?”

கிழங்கு, சிவப்புப் பொத்தான், யாரோ வீட்டு மழை எல்லாவற்றையும் சொன்னார். டப்பாவுக்குள் சிரிப்புக் கேட்டது. பிறகு தயங்கித் தயங்கி ஒரு கேள்வி வந்தது.

“நீங்க எப்பவுமே இவ்ளோ பேசுவீங்களா சார்?”

“வேலையாச்சேம்மா.”

“வீட்லயும்?”

“வீட்ல லைன் கிடைக்காதும்மா” என்றார் விளையாட்டாக. அந்தப் பக்கத்தில் லைன் துண்டானது.

மெக்கானிக்கைக் ‘கிரீஸ்’ என்பார்கள், சாப்பிடும்போதும் கையில் அது இருப்பதால். திரும்பி வந்தவர் கருவிப் பையைப் பொத்தென்று போட்டார். “லிஃப்ட் ஜம்முனு ஓடுதுய்யா. உள்ள ஒரு ஈ காக்கா இல்ல. சும்மா கால்!” லிஃப்டில் கோளாறே இல்லாமல் எவராவது மணியடித்தால் ஆபீசில் அதற்குச் ‘சும்மா கால்’ என்று பெயர்.

இரண்டு நாள் கழித்து அதே இடம், அதே டப்பாக் குரல். ரேடியோவுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் சும்மா காலாகவே இருந்தாலும், மெக்கானிக் போய்ப் பார்க்கிறவரை வைக்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடித்த ஆட்டுத் தளத்தைப் பற்றிச் சொன்னார். திரையில் ஓர் ஆடு நிற்கும். நாம் எந்த மொழியில் என்ன கேட்டாலும் அந்த மொழியிலேயே மறுத்துவிடும்.

“‘புல்லு தின்னுறியா’ன்னு நம்ம மொழியில கேட்டேம்மா. ‘மாட்டேன்’ங்குது. ‘தண்ணி குடிக்கிறியா?’ ‘மாட்டேன்.’ எனக்குக் கோவம் வந்துடுச்சு. ஆடு எப்படிம்மா ‘மாட்டேன்’னு சொல்லலாம்? அது மாடு பேசற பேச்சு. ஆடுன்னா ‘ஆட்டேன்’னுதானே சொல்லணும்?”

டப்பாவுக்குள் அந்தப் பெண் மூச்சு வாங்கச் சிரித்தாள். சிரிப்பு ஓயாமல் நீண்டு, எங்கேயோ அழுகை மாதிரித் திரும்பியது. “என்னம்மா, வீட்ல யாருக்காவது சொல்லணுமா?” என்று கேட்டார்.

“வேணாம் சார். அப்பா இருக்கார். ஆனா அவர் பிஸி.” லைன் வைக்கப்பட்டது. கிரீஸ் போனபோது மறுபடியும் காலி லிஃப்ட். இன்னொரு தடவை ஆனால் அந்தக் கட்டிடத்துக்காரர்கள்மேல் புகார் எழுதப் போவதாக மேனேஜர் குதித்தார். ரேடியோ, யாரோ சின்னப் பொண்ணு, விடுங்க சார் என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் பெட்டி கட்டி நின்றது. வெளிச்சம் போவதற்குள்ளேயே சாப்பிட உட்கார்ந்தார்கள், வேறு செய்ய ஒன்றுமில்லாததால். கடையில் வாங்கிய சோற்றை இரண்டு தட்டில் போட்டார். மகள் பருக்கையை நகர்த்திக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகிறவர்களிடம் எல்லோரும் கேட்பதை, கேட்க வேண்டுமே என்று அவரும் கேட்டார்.

“போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவியா?”

“ஆட்டேன்” என்றாள் தட்டைப் பார்த்தபடி. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் கையில் கரண்டி அப்படியே நின்றது. அந்த வார்த்தை எந்த அகராதியிலும் இல்லை. ஊர் உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் அதைச் சொல்லியிருக்கிறார். டப்பாவுக்குள் உருண்ட குரலை மனதில் திருப்பிப் போட்டுக் கேட்டார். தகரத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருந்தது இவள் குரல். பெற்ற மகளின் குரல் தெரியவில்லை அவருக்கு. எப்படித் தெரியும்? ஒரு வருஷமாக இவர் கேட்டதெல்லாம் ‘ம்’தானே.

“அந்தக் கடைத்தெரு லிஃப்டுல…”

“என் கிளாஸ் அங்கதான், நாலாவது மாடி.” அவள் தலை நிமிரவில்லை. “மாட்டிக்கிட்டேம்பா.”

“எதுக்கும்மா?”

“அங்கதானே நீங்க பேசறீங்க.”

அவருக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும், ஒரு வருஷத்துப் பாக்கி. வாயைத் திறந்தால் வீட்டுக்கென்று ஒரு வார்த்தைகூட அவரிடம் இல்லை. இருந்ததெல்லாம் ஆபீஸ் வார்த்தைகள். அதில் கைக்கு அகப்பட்டதை எடுத்தார்.

“பயப்படாதீங்கம்மா.” பழக்கதோஷத்தில் மரியாதையும் சேர்ந்து வந்துவிட்டது. “நான் லைன்லதான் இருக்கேன். கதவு திறக்கற வரைக்கும்… எங்கயும் போக…”

மகள் இப்போது நிமிர்ந்து பார்த்தாள்.

“போக ஆட்டேன்” என்றார்.

சொன்னதும் மருந்து இறங்கிவிட்டது. வலி என்றால் அப்படி ஒரு வலி. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, செத்துப்போனவளுக்காகவும் எதிரில் இருப்பவளுக்காகவும் சேர்த்து, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். மகள் எழுந்து வந்து அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் அழுதாள்.

போன் அடித்தது. சித்திதான். காலையில் எத்தனை மணிக்குத் தயாராக இருப்பாய் என்று கேட்டாள். மகள் மூக்கை உறிஞ்சினாள்.

“சித்தி, நான் வர ஆட்டேன்.”

“என்னது? ஒண்ணும் புரியலடி. லைன் சரியில்லையா?”

“இல்ல சித்தி. இப்பதான் கிடைச்சிருக்கு.”