சுவரில் வந்த வெடிப்பும் ஒன்பதாம் வகுப்பின் வரைபடமும்

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் ஜேர்மனியில் நடந்து முடிந்த அடுத்த வசந்தத்தில், டார்ம்ஸ்டாட் நகரத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நான் பயிற்சி ஆசிரியையாக இருந்தேன். ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் படிப்பித்தேன். பதினொரு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் நான். மலை, மண், எரிமலை எல்லாவற்றையும் ஜேர்மன் மொழியில்தான் படித்திருந்தேன். இது எனக்கு ஒரு குறையாக அதுவரை தோன்றியதில்லை.

அந்தப் பருவத்துப் பாடம் புவித்தட்டுகள். பூமியின் மேலோடு பெரிய பெரிய துண்டுகளாக இருக்கிறது, அவை மெல்ல நகர்கின்றன, விலகும் இடத்தில் நிலம் பிளந்து ஒரு பக்கம் கீழே இறங்குகிறது. படத்தில் இது சுலபம். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக ஒரு கண்ணாடித் தொட்டியில் கோதுமை மாவையும் கொக்கோத் தூளையும் மாறி மாறிப் படையாகப் போட்டேன். அடியில் வைத்திருந்த இரண்டு மட்டைகளை இரண்டு பக்கமும் இழுத்தேன். நடுவில் இருந்த மாவு சரிவாக வெட்டியது போலப் பிரிந்து கீழே இறங்கியது. வகுப்பு முழுவதும் எழும்பி வந்து பார்த்தது.

“இதுதான் ரைன் பள்ளத்தாக்கு,” என்றேன். “மேற்கே இருக்கிற சமவெளி இறங்கின பகுதி. கிழக்கே ஓடன்வால்ட் மலை இறங்காத பகுதி. இரண்டுக்கும் நடுவில் உள்ள பிளவு எங்களுடைய நகரத்துக்குக் கீழாலேயே போகிறது.”

கடைசி வாங்கில் இருந்த ஒரு மாணவன் கேட்டான்: “கீழாலே என்றால், எந்த வீதியில்?”

எனக்குத் தெரியாது. என்னிடம் இருந்த வரைபடத்தில் அது ஒரு தடித்த சிவப்புக் கோடு. அந்தக் கோட்டின் தடிப்புக்குள்ளேயே நாலைந்து வீதிகள் அடங்கிவிடும். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல், “நீங்களே கண்டுபிடியுங்கள்,” என்றேன். ஒவ்வொருவரும் தங்கள் வீதியில் சுவர்களிலும் மதில்களிலும் இருக்கிற வெடிப்புகளைப் படம் எடுத்துக்கொண்டு வரவேண்டும், நகர வரைபடத்தில் அந்த இடங்களில் சிவப்பு ஊசி குத்தவேண்டும் என்று வீட்டுவேலை கொடுத்தேன்.

என்னை மேற்பார்வை செய்த மூத்த ஆசிரியர் பின் வரிசையில் இருந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். பாடம் முடிய, “வாழ்க்கையோடு ஒட்டிய பாடம். மிக நல்லது,” என்று சொன்னார். அவர் அப்படிச் சொல்வது அரிது. நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

இரண்டு வாரத்தில் வரைபடம் ஊசிகளால் நிரம்பியது. ஆச்சரியம் என்னவென்றால், ஊசிகள் உண்மையாகவே வடக்குத் தெற்காக ஒரு கோடு போல நின்றன. பிறகு யோசித்தபோதுதான், என் மாணவர்களில் பாதிப்பேர் டிராம் பாதையை ஒட்டி இருப்பவர்கள், அந்தப் பாதையும் வடக்குத் தெற்காகத்தான் போகிறது என்பது நினைவுக்கு வந்தது. நாங்கள் கண்டுபிடித்தது பிளவையா, டிராம் பாதையையா? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்க வேண்டும் என்று குறித்து வைத்தேன். அதற்குள் பள்ளியின் திறந்த நாள் வந்துவிட்டது. வரைபடத்தை வாசலில் மாட்டினார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் அதைப் படம் எடுத்தார். மறுநாள் பத்திரிகையில் “நகரத்தின் பிளவைக் கண்டுபிடித்த மாணவர்கள்” என்று வந்தது.

வகுப்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தாள். மன்னாரிலிருந்து அகதியாக வந்த குடும்பம். தன் அறைச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து நிலம் வரை ஓடிய வெடிப்பைப் படம் எடுத்து வந்தவள் அவள். வகுப்பில் வந்த படங்களிலேயே பெரியது அதுதான். பத்திரிகை வந்து மூன்று வாரம் கழித்து, பெற்றோரைச் சந்திக்கும் நாளில் அவளுடைய தகப்பனும் தாயும் வந்தார்கள். தகப்பன் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் வேலை செய்பவர். கையில் ஒரு கடிதம் வைத்திருந்தார். மகளின் பரீட்சைப் புள்ளிகளைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

“ரீச்சர், இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. நாங்கள் விளங்கினது சரியோ எண்டு தெரியேல்ல.”

அவர்கள் இருந்த அடுக்குமாடியைப் பராமரிக்கும் நிறுவனத்தின் கடிதம் அது. சுவரைத் திருத்தித் தரச்சொல்லி அவர் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், கொடுத்திருக்கிறார். அதற்குப் பதில்: உங்கள் வீதி புவியியல் பிளவு ஒன்றின் மேல் அமைந்திருப்பது அண்மையில் பத்திரிகையிலும் வந்திருக்கிறது. இயற்கையால் ஏற்படும் நில அசைவுக்கு நாங்கள் பொறுப்பாக முடியாது. பத்திரிகைப் படத்தின் பிரதியையும் இணைத்திருந்தார்கள். என் ஊசிகள் அதில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தன.

நான் இரண்டு தரம் வாசித்தேன்.

“அண்ணை, இது பிள்ளையள் செய்த பயிற்சி. ஆதாரம் இல்லை.”

“அப்ப பூமி வெடிக்கேல்லையோ?”

“பூமியில வெடிப்பு இருக்கு. ஆனா...”

“எங்கட வீட்டுக்குக் கீழயோ?”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.”

எனக்கு அப்போதுதான் சிக்கல் விளங்கியது. ஜேர்மன் மொழியில் சுவரில் வருவதற்கு ஒரு சொல், பூமியின் ஆழத்தில் இருப்பதற்கு வேறொரு சொல். தமிழில் என் வாயில் இரண்டுக்கும் ‘வெடிப்பு’தான் வந்தது. தட்டுகள் நகர்வதைச் சொல்லி விளக்கலாம் என்று பார்த்தேன். “பூமி தட்டுத் தட்டாய் இருக்கு அண்ணை, பிளேட் எண்டு சொல்லுவினம்,” என்றேன். “பிளேட் எண்டா, சாப்பாட்டுக் கோப்பை மாதிரியோ?” என்று அவர் கேட்டார். பகிடிக்குக் கேட்கவில்லை. விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற தவிப்போடு கேட்டார். ஒன்பதாம் வகுப்புக்கு விளக்கியதை என்னுடைய தாய்மொழியில் ஒரு தகப்பனுக்கு விளக்க ஏலாமல் இருந்தேன்.

பக்கத்தில் இருந்த தாய் அப்போது சொன்னா: “தங்கச்சி, ஊரில சுவர் வெடிச்சா ஏன் வெடிச்சதெண்டு தெரியும். இஞ்ச ஏன் எண்டு தெரியேல்ல. பிள்ளையின்ர கட்டிலை இப்ப ஹோலுக்குள்ள போட்டிருக்கிறன். நாங்கள் அந்த வீட்டில இருக்கலாமோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

“நான் வந்து பாக்கிறன் அக்கா,” என்றேன். பார்த்து என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். வெடிப்புக்குள் என் சின்ன விரல் நுழைந்தது. வெடிப்பின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடக் கொஞ்சம் பதிந்திருந்தது. ஒரு கணம், இது அதுதான் என்று நினைத்தேன். அடுத்த கணம், இந்தப் பிளவு அசைவது வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை, இந்த வெடிப்போ அவர்கள் சொன்னபடி இரண்டு வருடத்தில் வந்தது, எப்படிப் பொருந்தும் என்று நினைத்தேன். அந்த அக்கா தந்த தேநீரைக் குடித்துவிட்டு, விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்தேன்.

திங்கட்கிழமை மாநிலப் புவியியல் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண் மிகப் பொறுமையாகப் பேசினார். பிளவு ஒற்றைக் கோடு இல்லை, அகலமான ஒரு பட்டை, பல சிறிய பிளவுகள் சேர்ந்தது, அந்த வீதி அந்தப் பட்டைக்குள் வரக்கூடும் என்றார். “அப்படியென்றால் வீட்டு வெடிப்புக்கு அதுதான் காரணமா?” என்று கேட்டேன். “ஒரு வீட்டைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்ல முடியாது,” என்றார். அரை மணி நேரத்துக்குப் பிறகு எனக்கு முன்பைவிட அதிகம் தெரிந்திருந்தது. அந்த அக்காவுக்குச் சொல்ல மட்டும் ஒன்றும் இல்லை.

நிறுவனத்துக்கு நானே எழுதலாமா என்று மூத்த ஆசிரியரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்கள் இன்னும் பயிற்சியில் இருப்பவர். வாடகைச் சண்டைக்குள் போகாதீர்கள்,” என்றார். “வரைபடம் எங்களுடையதுதானே,” என்றேன். “அது பாடம் மட்டும்தான்,” என்றார். அவர் சொன்னது சரியா பிழையா என்று இன்றைக்கும் என்னால் முடிவெடுக்க இயலவில்லை. ஆனால் எழுதினேன். இது பதினைந்து வயதுப் பிள்ளைகளின் பயிற்சி, ஊசிகள் பிளவைக் காட்டவில்லை, மாணவர்களின் வீடுகள் எங்கே இருக்கின்றன என்பதைத்தான் காட்டுகின்றன, இதை வைத்து ஒரு வீட்டின் சேதத்துக்குக் காரணம் சொல்ல முடியாது என்று ஒரு பக்கம். பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். பத்திரிகை அதைப் போடவில்லை. நிறுவனம் எனக்குப் பதில் எழுதவில்லை.

ஆனால் ஒரு மாதம் கழித்து அந்த வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நிலத்தைத் தோண்டினார்கள். நீண்ட வயரின் நுனியில் கமரா பூட்டிக் குழாய்களுக்குள் விட்டுப் பார்த்தார்கள். அன்று மத்தியானம் இடைவேளையில் தகப்பன் பள்ளி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

“ரீச்சர், மழைத்தண்ணிக் குழாய் உடைஞ்சு கிடக்காம்! தண்ணி போய் மூலைக்குக் கீழ இருந்த மணலை எல்லாம் அரிச்சுப்போட்டுதாம். பூமி இல்லை ரீச்சர். குழாய்தான்!”

“நல்லது அண்ணை,” என்றேன்.

“திருத்தித் தருவினமாம். ஆனா ஒண்டு. குழாய் ஏன் உடைஞ்சதெண்டு கேட்டன். அந்த மனுசன் தோளைக் குலுக்கிப்போட்டுப் போயிட்டான். நீங்கள் வந்து பாக்கிறீங்களோ? நாளைக்கு மூடிப்போடுவாங்கள்.”

பாடம் முடிய ஓடினேன். குழிக்குள் பழைய மண்குழாய். பொருத்தில் அது ஒடிந்திருந்தது. மேற்குப் பக்கத்துத் துண்டு கிழக்குப் பக்கத்துத் துண்டைவிட இரண்டு விரல் அளவு கீழே இறங்கியிருந்தது. நான் கண்ணாடித் தொட்டியில் காட்டிய மாவைப் போலவே. அது அறுபதுகளில் போட்ட குழாய் என்று வேலையாள் சொன்னார். பாரவண்டி போய் உடைந்திருக்கலாம், மண் சரியாக இறுகாமல் இருந்திருக்கலாம், மரவேர் தள்ளியிருக்கலாம். “அல்லது நிலம் இறங்கியிருக்கலாம்,” என்று அவரே சேர்த்துக்கொண்டார். எதை நம்புகிறீர்கள் என்று கேட்டேன். “நான் குழாய் போடுகிறவன்,” என்றார்.

தகப்பனும் தாயும் குழியின் விளிம்பில் நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். நான் என்ன நினைக்கிறேன் என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. “குழாய்தான் அண்ணை,” என்றேன். “இருங்கோ. பயப்பிடாமல் இருக்கலாம்.” எனக்கு நிச்சயம் இல்லாததை நிச்சயமாகச் சொன்னேன். அன்று பின்னேரமே அந்த அக்கா கட்டிலை மகளின் அறைக்கு மாற்றினா.

அடுத்த பாடத்தில் நடந்தது எல்லாவற்றையும் வகுப்புக்குச் சொன்னேன். குழியில் எடுத்த குழாயின் படத்தைக் காட்டி, அது ஏன் உடைந்தது என்று எனக்குத் தெரியாது என்றேன். வரைபடத்தில் அந்த வீட்டுக்குக் குத்திய ஊசியைக் கழற்றுவதா, விடுவதா என்று கேட்டேன். கழற்ற வேண்டும் என்று பாதிப்பேரும், விட வேண்டும் என்று மற்றப் பாதிப்பேரும் கத்தினார்கள். அந்தத் தமிழ்ப் பிள்ளை மட்டும் எந்தப் பக்கமும் சேரவில்லை. மணி அடித்த பிறகு என் மேசைக்கு வந்து, மற்றவர்களுக்கு விளங்காதபடி தமிழில் கேட்டாள்:

“ரீச்சர், அம்மாவுக்கு நீங்கள் குழாய்தான் எண்டு சொன்னனீங்கள். இஞ்ச தெரியாதெண்டு சொல்லுறீங்கள். எது சரி?”

“ரெண்டும்,” என்றேன். “அம்மாவுக்குச் சொல்லமாட்டன்,” என்று சொல்லிவிட்டு அவள் தன் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போனாள்.