கண் திறந்த நாய்

எங்கள் பக்கத்து ஐந்து ஊர்ப் பையன்கள் வருஷா வருஷம் ஹாக்கி ஆடுவார்கள். மாரண்டஹள்ளியிலிருந்து வந்த டிரில் வாத்தியார் ஆரம்பித்து வைத்தது. வற்றிய ஏரிதான் மைதானம், வளைந்த புளியங்கொம்புதான் மட்டை. முதல் வருஷமே ஒரு தெருநாய் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. என் தாய்மாமா அந்த நாயையே ஒரு பலகையில் வரைந்து ஏரிக்கரையில் நட்டார். போட்டிக்குச் சின்னம் கிடைத்தது இப்படித்தான்.

மறு வருஷம் கோப்பை கொடுத்த மில்காரர் தலைவரானார். நாய் கௌரவக் குறைச்சல் என்றார், சிங்கம் வந்தது. யுத்தம் மூண்டதும் சிங்கத்தின் தலையில் கிரீடம் ஏறியது. வெள்ளைக்கார அதிகாரி யாராவது வந்து பார்ப்பார் என்று மில்காரருக்கு நம்பிக்கை. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் பழையதன்மேல் சுண்ணாம்பு அடித்துப் புதிதாக, கண்மணி மட்டும் வைக்காமல், வரைவது மாமாவின் வேலை.

யுத்தம் முடிந்த வருஷம் பையன்கள் கெஞ்சினார்கள் என்று மாமா பலகையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து மறுபடி நாயை வரைந்தார். போட்டிக்கு முதல் நாள் மில்காரர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இதென்னய்யா கண்றாவி? அழிச்சிட்டு என் மில்லுப் புகைக்கூண்டப் போடு. இல்லாட்டி கோப்பையும் கெடையாது, கோயில் வேலையும் கெடையாது."

"ஆகட்டுங்க," என்றார் மாமா. கோயில் சிலைகளுக்கு வர்ணம் பூசித்தான் எங்கள் குடும்பம் சோறு தின்றது. கோயில் தர்மகர்த்தாவும் அந்த மனுஷரே.

அவர் தெருமுனை தாண்டியதும் மாமா என்னைக் கூப்பிட்டார். எனக்கு எட்டு வயது.

"நான் போயி சுண்ணாம்பு வாங்கியாறேன். சும்மா நிக்காத கண்ணு, இந்த மையத் தொட்டு நாய் கண்ணுல ரெண்டு பொட்டு வச்சுரு. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத."

பெருமை தாங்கவில்லை எனக்கு. நாக்கைத் துருத்திக்கொண்டு வைத்தேன்.

முதலில் பார்த்தது அம்மா. பளாரென்று ஓர் அறை. கண் திறந்துவிட்டால் உயிர் வந்த மாதிரி, பிறகு யாரும் அழிக்கக் கூடாது. பெண்பிள்ளைகளை வர்ணக் கொட்டகைப் பக்கமே விடாததால் எனக்கு அது தெரியாது. திரும்பி வந்த மாமா தலையில் அடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கக் கத்தினார். "ஐயையோ, கண்ணு தொறந்துட்டாளே! இனி தொட்டா என் கை வெளங்குமா?"

சத்தம் கேட்டு அடுத்த தெருவிலிருந்து மில்காரர் ஓடிவந்தார். நாயை முறைத்துப் பார்த்தார். நாயும் அவரை முறைத்தது. செருப்பைக் கழற்றினார்.

"பைரவரு… இருக்கட்டும், விட்டுருங்க," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரு தேங்காயும் உடைத்துவிட்டுப் போனார். அதற்குப்பின் சின்னம் மாறவே இல்லை.

இரவு முழுக்க அழுதேன். மாமா பொரிகடலை வாங்கிக் கொடுத்தார், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "நான் தெரியாம செஞ்சுட்டேன் மாமா," என்றேன். "தெரியும் கண்ணு," என்றார்.

மாமாவை நான் காட்டிக் கொடுக்கவில்லை. அவரும் பிழை செய்துவிட்டார், பாவம், அடி என்னோடு போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். சுண்ணாம்பு வாங்கப் போனவர் வெறுங்கையோடு வந்ததோ, காலையில் அவரே கரைத்த சுண்ணாம்பு பானை நிறைய என் காலடியிலேயே இருந்ததோ அன்று எனக்கு உறைக்கவில்லை.