அம்மாவின் தம்ளர்

புதுச்சேரியில் நேற்று ஒரு காப்பிக்கடைப் பலகையில் மூலையே இல்லாத உருண்டை ஆங்கில எழுத்துகளைப் பார்த்ததும், இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் கடைத்தெரு நினைவுக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் போனபின் அங்கே பலகைகளையெல்லாம் ஆங்கிலத்தில் மாற்றி எழுதியவர் அப்பா. படிக்கத் தெரியாத அவருக்கு ஆங்கிலம் என்பது வட்டம், வாய் பிளந்த வட்டம், பாதி வட்டம், குச்சி, அவ்வளவுதான். வட்டத்துக்கு அம்மாவின் காப்பித் தம்ளரைக் கவிழ்த்து வரைவார். காப்பியில் பெயிண்ட் மணக்கிறதென்று அம்மா போட்ட சண்டை தெருவுக்கே தெரியும். ஆனால் என்னோடு கடைக்குப் போகும்போது, எழுத்தே அறியாத அவள் நிமிர்ந்து பார்த்து, "தோ பாருடி, இந்தக் கடையில என் தம்ளரு மூணு இருக்குது" என்பாள்.

நேற்றைய பலகை கம்ப்யூட்டரில் செய்தது. அம்மா இருந்திருந்தால், "இது யாரு வூட்டுத் தம்ளருடி?" என்று கேட்டிருப்பாள்.