ஏழாம் எண் சென்சார்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகள் என் ஆராய்ச்சி, ஏரித் தண்ணீரின் சூட்டை அளந்து வானலையில் அனுப்பும் பத்து சென்சார்களோடு கழிந்தது. அளப்பது என் வேலையில்லை. வருகிற செய்திகளுக்கு நடுவே யாரும் பொய்யைச் செருகாமல் காப்பதுதான் வேலை. ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு ரகசிய எண் உண்டு. அது பொருந்தாத செய்தியைக் கணினி ஏற்காது. அந்த எண்கள் எனக்கும் என்னோடு ஆய்வு செய்த வங்காளி நண்பனுக்கும் மட்டுமே தெரியும்.

பூஜை விடுமுறையில் ஏழாம் எண்ணைப் பாட்டரி மாற்ற லேக் கார்டன்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஜன்னலைத் திறந்தால் ஏரிதான். மறுநாள் சரஸ்வதி பூஜை. அம்மா அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து, புத்தக அடுக்கின் மேல், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

"அதை ஏரியில கட்டணும்மா."

"படிக்கற சாமான்தானே? நாளைக்குப் புனர்பூஜை ஆனப்புறம் எடுத்துக்கோ. அதுவரைக்கும் தொடப்படாது."

நானும் தொடவில்லை. மறுநாள் எடுத்துப்போய் ஏரியில் கட்டினேன்.

விடுமுறை முடிந்து பதிவுகளைப் பார்த்தால், பூஜையன்று ஏழாம் எண்ணிடமிருந்து செய்தி வந்திருந்தது. ஏரித் தண்ணீர் கொதிக்காத குறை. ரகசிய எண் சரியாகப் பொருந்தியது. அசல் சென்சாரோ அன்று எங்கள் வீட்டில் அணைந்து கிடந்தது. ஆக, யாரோ அதன் பெயரில் புளுகியிருக்கிறார்கள். எண் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அனுப்பியது நான் இல்லை. ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு மாதமே இருந்தது. எண்ணை யாரிடம் கொடுத்தாய் என்று நண்பனிடம் கேட்டேன். அவன் பாதி டீயோடு மண்குவளையை வைத்துவிட்டு எழுந்து போனான்.

ரகசிய எண்களை மாற்றுவதற்காக ஒரு வாரம் கழித்து ஏழாம் எண்ணைக் கழற்றினேன். அனுப்பிய செய்திகளை ஒவ்வொரு சென்சாரும் தானே எண்ணிவைக்கும். பூஜையன்று வந்த செய்திகளும் அதன் எண்ணிக்கையில் இருந்தன. பாட்டரி போட்டதும் ஓடுகிறதா என்று பார்த்தவன், அணைக்க மறந்திருக்கிறேன். மூடியின் இடுக்கில் குங்குமம் இருந்தது.

டாலிகஞ்சில் அவன் வீட்டுக்குப் போய், அது அளந்தது குத்துவிளக்கின் சூட்டை என்பதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். குத்துவிளக்கு வந்த இடத்தில் சிரித்துவிட்டான். பிறகு வங்காளியில் நிதானமாகச் சொன்னான்:

"என்னைக் கேக்கறதுக்கு முன்னாடி உங்க அம்மாவைக் கேட்டிருக்கலாமே."

வெட்கமாக இருந்தது. ஆய்வேடு தேறியது. அவன் அதன்பின் என்னோடு டீ குடிக்க வரவில்லை.