நான் சொன்ன ஆமென்

போன வருஷம் லெந்து என்கிற தவக்கால நாட்களில், இரும்புலியூரில் எங்கள் தெருவில் நடந்த வீட்டு ஜெபக்கூட்டத்தில், என் கணவரை உட்கார வைத்துக்கொண்டே அவருடைய இரகசியத்தை ஜெபமாகச் சொல்லிவிட்டார்கள்.

சொன்னது கிரேஸ் அக்கா. பல வருஷமாக என் கஷ்டங்களையெல்லாம் அவரிடம்தான் சொல்லி வந்தேன். நான் சபையிலேயே பிறந்து வளர்ந்தவள். ஞாயிறு பள்ளியில் வசனம் சொல்லிப் பரிசு வாங்கியிருக்கிறேன். ஆனால் கூச்ச சுபாவம். நாலு பேர் முன்னால் வாய் திறந்து ஜெபித்ததே இல்லை. தனியாகவும் மனப்பாடம் செய்த ஜெபம்தான். பாரம் ஏதாவது வந்தால், "எனக்காக ஜெபம் பண்ணுங்கக்கா" என்று அவரிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகிவிடுவேன்.

என் கணவர் கம்பெனி வேன் ஓட்டுகிறார். குடிப்பழக்கம் அதிகமாகி, குடிமறுவாழ்வு மையத்தில் சேர்ந்திருந்தார். அக்கம்பக்கத்தில் வெளியூர் டியூட்டி என்று சொல்லி வைத்திருந்தோம். உண்மை தெரிந்தது கிரேஸ் அக்காவுக்கு மட்டும்தான். என் கணவர் குணமாகி வந்து, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என்னோடு கூட்டத்துக்கு வந்த முதல் நாள் அது.

"ஆண்டவரே, மறுவாழ்வு மையத்திலிருந்து வந்திருக்கிற இந்தச் சகோதரனை மறுபடியும் குடியில விழாம காத்துக்கொள்ளும்" என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக ஜெபித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். பழக்க தோஷத்தில் என் வாயும் ஆமென் என்றது.

நான் கண்ணைத் திறந்தபோது என் கணவர் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நீயும் ஆமென் சொன்ன இல்ல?" மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு கீழ்க்கட்டளையில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். தங்கையின் வீட்டுக்காரரும் குடிப்பவர்.

கிரேஸ் அக்காவிடம் போய் நின்றேன். "ஜெபத்துல தானேம்மா சொன்னேன். வெளிய யார்கிட்டயாவது சொன்னேனா?" என்றார். திரும்பி வந்தேன். கூடப் பிறந்தவளாக நினைத்திருந்தேன். அழுகையை விட அவமானம்தான் அதிகமாக இருந்தது. இனி யாரிடம் ஜெபிக்கச் சொல்வது? ஒருவரும் இல்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் சமையலறையில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, தன்னால் வாய் திறந்தது. கூட்டத்தில் சொல்வதுபோல நீர், உமது என்றெல்லாம் வரவில்லை. "ஆண்டவரே, அவர் குடிக்கக் கூடாது. நான் வேணும்னு ஆமென் சொல்லல, அது அவருக்குத் தெரியணும். எனக்கு வேற யாரும் இல்ல. நீங்களாவது இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க."

சொல்லி முடித்ததும் யாரோ பக்கத்தில் நின்று பொறுமையாகக் கேட்டது போல இருந்தது. பிறந்ததிலிருந்து நான் கேள்விப்பட்டு வந்த இயேசுவை அன்றுதான் சந்தித்தேன்.

சனிக்கிழமை என் கணவர் வந்தார். குடித்திருக்கவில்லை. தண்ணீர் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "வியாழக்கிழமை மத்தியானம் மச்சான் கூட டாஸ்மாக் கடை வாசல் வரைக்கும் போனேன். என்னமோ உள்ள போக முடியல. உன் ஞாபகம் வந்துச்சு. நீ பாவம், பழக்கத்துல சொல்லியிருப்ப."

நான் அழுதுவிட்டேன். எதற்கு என்று கேட்டார். ஜெபித்ததைச் சொன்னேன்.

"இந்தத் தடவ யார்கிட்ட சொல்லி ஜெபம் பண்ண வெச்ச?"

"யார்கிட்டயும் சொல்லலங்க. நானே கேட்டேன்."

"நீயா?" என்றார். அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

இதுவரை அவர் குடியைத் தொடவில்லை. கர்த்தருக்கே மகிமை. கிரேஸ் அக்காவைக் கோயிலில் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்கிறேன். உள்ளே இன்னும் வலிக்கிறது. அதையும் ஆண்டவரிடமே சொல்லி வருகிறேன்.

இதை எழுதலாமா என்று என் கணவரிடம் கேட்டேன். "எழுது, என் பேரு மட்டும் வேணாம்" என்றார்.

இதை வாசிக்கிற சகோதரியே, சகோதரரே, நம்பினவர்கள் உங்களைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். ஜெபிக்கத் தெரியாது என்று கூச்சப்படாதீர்கள். உங்களுக்கு வருகிற பேச்சில் நீங்களே ஆண்டவரிடம் சொல்லுங்கள். நான் சொன்னதை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

ஆமென். இதை யோசித்துத்தான் சொல்கிறேன்.