அவர் கொடுத்த சுதந்திரம்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் லாண்ட்ரி அக்கா. மேல்மாடிகளிலிருந்து வந்து குவியும் மூட்டைகளை அவிழ்த்து, ரத்தம் பட்ட துணி தனி, மலம் பட்டது தனி, வெறும் வியர்வை தனி என்று பிரித்து இயந்திரத்துக்குள் தள்ளவேண்டும். புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே வாந்தி எடுத்துவிட்டு ஓடிப்போவார்கள். இவளோ கையைக் கழுவிவிட்டுப் பக்கத்து அறையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். இரும்பு வயிறு என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள்.

அந்த வயிற்றைப் பிரட்டிப் போட ஒரே ஒரு சொல்லால் முடியும். சுதந்திரம். அதுவும் வீட்டுக்காரர் வாயிலிருந்து வரவேண்டும்.

வீட்டுக்காரர் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. நாலு பேரிடம் சொல்லி அழக்கூட ஒரு காரணம் கிடையாது. அதுதான் பெரிய தொல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், அடுப்பு ரிப்பேர் செய்ய வந்தவராகவே இருந்தாலும், பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும். "நான் இவளுக்கு முழு சுதந்திரம் குடுத்திருக்கேன்." வேலைக்கு அனுப்பியது அவர். ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர். சாவி மட்டும் அவர் சட்டைப்பையில் இருக்கும், அவள் பஸ்ஸில் போவாள். கூடப் பிறந்த அக்கா வீட்டுக்கு அவள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். கூடவே அவரும் வந்து, அவள் கிளம்பும்வரை டிவி பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொள்ளச் சொன்னார். அவளுக்கு அந்த முடிமேல் உயிர். வெட்டிக்கொண்டாள். அவள் கேட்கக்கூட இல்லை, நானாகப் பார்த்துக் கொடுத்தது என்று இன்றுவரை பீற்றிக்கொள்கிறார்.

சொல்லி முடித்ததும் சாட்சிக்கு அவளைக் கூப்பிடுவார். அவளும் சமையலறை வாசலில் வந்து நின்று, "இவரை மாதிரி யாரு குடுப்பாங்க" என்பாள். வந்தவர் முன்னால் மனுஷன் முகம் வாடக்கூடாதே என்றுதான் முதல் தடவை சொன்னாள். அப்புறம் அதுவே பழகிப்போயிற்று. மகள் தவழ்ந்த காலத்திலிருந்து இந்தக் கூத்தைப் பார்த்து வளர்ந்தவள்.

வெளியிலும் அந்தச் சொல் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் எல்லாரும் சுதந்திரமாகப் பேசலாம் என்பார் நிர்வாகி. நம்பிப் பேசியவளை மறுவாரமே பிணவறைத் துணிக்கு மாற்றிவிடுவார். எதிர்வீட்டு அம்மா, மகன் படிப்பில் கோட்டைவிட்டதற்கெல்லாம் அதிகச் சுதந்திரம் கொடுத்ததுதான் காரணம் என்று புலம்புவாள், குழம்பில் உப்பை அதிகமாகப் போட்டுவிட்டதுபோல. ஆளாளுக்குக் கரண்டியை வைத்துக்கொண்டு அளந்து ஊற்றுகிறார்களே, இவர்களிடம் யார் கொடுத்துவைத்தது? காறித் துப்பலாம்போல இருக்கும் அவளுக்கு.

மகளுக்கு வெளியூரில், நில அளவைக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. காடு மேடெல்லாம் அலைந்து அளக்கிற வேலை. அவள் படித்ததே அதற்காகத்தான். சேருவதா வேண்டாமா என்று அந்த வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும். அந்தச் சமயத்தில்தான், கட்டிக்கொண்டால் இவரைத்தான் என்று கூடப் படித்த பையனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். மரியாதையான பையன். மாமனாராகப் போகிறவர் உட்காரும்வரை நின்றுகொண்டிருந்தான்.

வெளியூர் வேலை பற்றிப் பேச்சு வந்தது. அவனே பதில் சொன்னான். "அவ்வளவு தூரம் எதுக்குன்னு நானே யோசிச்சு, எங்க ஆபீஸ்லயே அவளுக்கு ஒரு வேலை சொல்லி வெச்சிருக்கேன் அங்கிள். என் பக்கத்து டேபிள்தான். கல்யாணத்துக்கு அப்புறமும் அவளுக்கு முழு சுதந்திரம் குடுப்பேன்."

வீட்டுக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். மகளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அவர் வழக்கம்போல சமையலறைப் பக்கம் திரும்பி, மனைவியிடம் நீயே சொல்லு என்றார். அவள் வாசலில் வந்து நின்றாள். அந்த ஒரு வரி வரவில்லை. டீ கொதிக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய், தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வாயில் புளிப்பாக நீர் ஊறியது.

டீ எடுத்துப்போக மகள் உள்ளே வந்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "நீ அந்த வெளியூர் வேலைக்கே போயிடுடி. இவன் அப்படியே உங்கப்பா மாதிரி இருக்கான்" என்றாள் அம்மா.

"அதனாலதாம்மா எனக்குப் பிடிச்சுது."

"நான் சொன்னதெல்லாம் பொய்டி. உங்கப்பா எனக்கு ஒண்ணும் குடுக்கல. இருந்ததையும் வாங்கி வெச்சுக்கிட்டார். அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்குக் குமட்டும்."

மகள் சிரித்துவிட்டாள்.

"அவரைப் பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லும்மா. அதுக்காக அப்பாவைப் போய் இப்படியா சொல்றது? உனக்குப் பொய் சொல்லவே வராது."

டீத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.